பாறையில் ஓர் இரும்பு வளையம்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"பசங்களுக்கு ஊக்கமா இருக்கும், ஏதாவது ஒரு பெரிய புராஜெக்ட் பத்திப் பேசுப்பா" என்று செயலாளர் அண்ணன் சொன்னார். பெரிய அணை கட்டியவர்கள், மேம்பாலம் கட்டியவர்கள் எல்லாம் இந்த அரங்கத்திலேயே இருக்கிறீர்கள். அவர்கள் முன்னால் நான் என்ன பேசுவது? அதனால் அண்ணனின் அனுமதியோடு ஒரு சின்ன இடத்தைப் பற்றிப் பேசுகிறேன். அங்கே துறைமுகச் சுவர் இல்லை, ஜெட்டி இல்லை, கிரேன் இல்லை. ஆனாலும் படகுகள் ராத்திரி நிம்மதியாகத் தூங்குகிற இடம் அது. சிவில் படித்து, கரையோரக் கட்டுமானத்தைத் தொழிலாக வைத்திருக்கும் எனக்கு, நான் வேலை பார்த்த பல தளங்களைவிட அதிகம் கற்றுக் கொடுத்த இடம்.

கனடாவின் மேற்குக் கரையில் பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலம். அங்கே வான்கூவர் நகரத்துக்கு வடமேற்கே, ஷிஷால் என்ற பூர்வகுடி மக்களின் நிலத்தில், சீஷெல்ட் தீபகற்பத்தின் ஓரமாக ஒரு குட்டிக் குடா இருக்கிறது. பெயர் ஸ்மக்ளர் கோவ். தமிழில் சொன்னால் 'கடத்தல்காரன் குடா'. பெயரைக் கேட்டதும் தம்பிகள் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்கள், பார்க்கிறேன்! அந்தக் கதைக்கும் வருகிறேன். 1971-ஆம் ஆண்டு மாநில அரசு இதைக் கடல் பூங்காவாக அறிவித்தது. மொத்தப் பரப்பு 500 ஏக்கருக்கும் குறைவு. தரை வழியாகவும் போகலாம். 101-ஆம் நெடுஞ்சாலையிலிருந்து பிரிந்து, வண்டியை நிறுத்திவிட்டு, காட்டுக்குள் போகவர 4 கிலோமீட்டர் நடக்க வேண்டும். வழியில் சதுப்பு நிலம், அதன்மேல் மரப்பலகைப் பாதை. சதுப்பில் தண்ணீர் நிற்கக் காரணம் பீவர் என்ற பிராணி கட்டிய அணை. நமக்கு முன்னாலேயே அங்கே ஒரு சிவில் இன்ஜினியர் டெண்டர் இல்லாமல் வேலையை முடித்திருக்கிறார்!

பூங்கா என்றதும் ஊஞ்சல், செயற்கை நீரூற்று, சுண்டல் வண்டி என்று நினைத்துவிடாதீர்கள். அங்கே கடல் பூங்கா என்றால் கரையும் கரையை ஒட்டிய நீரும் சேர்ந்தது. சொந்தப் படகில் வருகிறவர்கள் இரவு தங்கிப் போவதற்காக ஒதுக்கிய இடம். இந்த வகையில் அந்த மாநிலத்தின் முதல் பூங்கா காலியானோ தீவில் உள்ள மான்டேகு ஹார்பர், 1959-ல் வந்தது. அதற்குப் பிறகு கரை நெடுக ஒன்றன்பின் ஒன்றாகப் பல வந்தன. நெடுஞ்சாலையில் சத்திரம் எப்படியோ, அப்படித்தான் இவை கடலுக்கு. ஒரு நாள் ஓட்டத்தில் அடுத்த ஒதுங்கும் இடம் கிடைத்துவிட வேண்டும் என்பதுதான் கணக்கு.

ஏன் ஒதுங்க வேண்டும்? அந்தக் குடாவுக்கு வெளியே இருப்பது ஜார்ஜியா நீரிணை. ஒரு பக்கம் வான்கூவர் தீவு, மறு பக்கம் பெருநிலம். நடுவில் சுமார் 220 கிலோமீட்டர் நீளத்துக்கு, வடமேற்கிலிருந்து தென்கிழக்காக ஓடும் நீர்ப்பரப்பு. கோடையில் பெரும்பாலும் வடமேற்குக் காற்று, குளிர்காலத்தில் தென்கிழக்குக் காற்று. அதாவது, இரண்டு பருவத்திலும் காற்று அந்த நீரிணையின் நீளவாக்கிலேயே ஓடுகிறது. ஹைட்ராலிக்ஸ் வகுப்பில் தூங்காதவர்களுக்கு நினைவிருக்கும்: காற்று தடையில்லாமல் எவ்வளவு தூரம் தண்ணீர்மேல் ஓடுகிறதோ, அந்த அளவுக்கு அலை வளரும். நூறு கிலோமீட்டர் ஓடி வந்த காற்று எழுப்பும் அலை, ஒரு 10 மீட்டர் படகை நன்றாகவே ஆட்டிவைக்கும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் படகைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது குடாவுக்குள் வருவோம். வாசலில் சிறு தீவுகள், பாறைகள். உள்ளே நீர் வளைந்து வளைந்து போகிறது. காற்று எந்தத் திசையிலிருந்து வந்தாலும் ஒரு பாறையோ ஒரு திட்டோ குறுக்கே நிற்கிறது. காற்று ஓட உள்ளே தூரமே இல்லை; எனவே அலை வளர வழியும் இல்லை. வெளியே வெள்ளை நுரையாகக் கடல் கொந்தளிக்கும்போது, உள்ளே குளத்து நீர் மாதிரி மரங்களின் நிழல் அசையாமல் விழுந்திருக்கும். இதே பாதுகாப்பை நாம் கட்டிக் கொடுக்க வேண்டுமானால் எத்தனை லட்சம் டன் கருங்கல் வேண்டும், எத்தனை வருடம் ஆகும் என்று நான் மனத்துக்குள்ளேயே ஓர் எஸ்டிமேட் போட்டுப் பார்த்ததுண்டு. தொழில் புத்தி, விடாது!

ஆனால் வாசல் மிகக் குறுகல், அருகே நீருக்கடியில் பாறைகளும் உண்டு. கடல் ஏறியிருக்கும் நேரத்தில் போவதா, இறங்கியிருக்கும் நேரத்தில் போவதா? தண்ணீர் நிறைய இருக்கும்போது போவதுதான் பத்திரம் என்று நமக்குத் தோன்றும். அங்கே பழகியவர்களைக் கேட்டால், புதிதாக வருகிறவன் நீர் இறங்கியிருக்கும்போதே வரட்டும் என்பார்கள். அப்போதுதான் பாறைகள் தலைகாட்டும். எங்கே ஆபத்து என்று கண்ணால் பார்த்துக்கொண்டே போகலாம். நீர் ஏறிவிட்டால் எல்லாம் ஒரே சமமாக, அழகாகத் தெரியும். பாறை மட்டும் அங்கேயேதான் இருக்கும். எந்தத் திட்டத்தின் வரைபடத்தைக் கையில் எடுத்தாலும் எனக்கு இந்த வாசல் ஞாபகம் வரும். பணமும் நேரமும் தாராளமாக இருக்கும்போது எந்தக் குறையும் வெளியே தெரிவதில்லை.

சரி, கடத்தல்காரன் கதை. கனடாவைக் கிழக்கு மேற்காக இணைத்த பசிபிக் ரயில் பாதை 1885-ல் முடிந்தது. பிரிட்டிஷ் கொலம்பியாவின் மலைகளைக் குடைந்து அந்தப் பாதையைப் போட்டவர்களில் ஆயிரக்கணக்கானோர் சீனத் தொழிலாளர்கள். பலர் அதிலேயே உயிரைவிட்டார்கள். பாதை முடிந்த அதே ஆண்டு, இனிமேல் நாட்டுக்குள் வரும் ஒவ்வொரு சீனருக்கும் 50 டாலர் தலைவரி என்று கனடா சட்டம் போட்டது. 1903-ல் அது 500 டாலர் ஆனது. தெற்கே அமெரிக்காவோ 1882-லேயே சீனத் தொழிலாளர்களுக்குக் கதவை அடைத்துவிட்டது. இங்கே வேலை முடிந்துவிட்டது, அங்கே போக வழியில்லை. அப்படித் தவித்தவர்களைத் தலைக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு, ராத்திரியோடு ராத்திரியாக எல்லை தாண்டிக் கொண்டுபோன கெல்லி என்பவன் இந்தக் குடாவில்தான் ஒளிந்திருப்பான் என்பது அந்தக் கரையில் வழிவழியாகச் சொல்லப்படும் கதை. எவ்வளவு உண்மை, எவ்வளவு கற்பனை என்று பிரிக்க முடியாது. ஆனால் ரயில் பாதை போட்ட கைகளுக்கு ஒதுங்க இடமில்லாமல் போனது மட்டும் கதையல்ல, வரலாறு. அந்தக் குடாவில் நங்கூரம் போடும்போதெல்லாம் எனக்கு அவர்கள் நினைவு வரும். கட்டுமானத் தொழிலில் இருக்கும் நாம் மறக்கக் கூடாத நினைவு.

இனி நங்கூரத்துக்கு வருகிறேன். என் பேச்சின் மையமே அதுதான். நங்கூரம் தன் கனத்தால் படகைப் பிடித்துவைக்கிறது என்று பலரும் நினைக்கிறோம். ஒரு 10 மீட்டர் பாய்மரப் படகு 5, 6 டன் இருக்கும். அதன் நங்கூரம் 15 கிலோ, மிஞ்சினால் 20 கிலோ. கனம் எங்கே பிடிக்கும்? அது பிடிப்பது மண்ணைக் கவ்வி. நம்ம ஊர்க் கலப்பை மாதிரிதான். கலப்பை நங்கூரம் என்றே ஒரு வகை இருக்கிறது. கலப்பை ஆழ இறங்க வேண்டுமானால் இழுப்பு கிடையாக இருக்க வேண்டும். மேல்நோக்கி இழுத்தால் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். அதனால் கயிற்றை நிறைய நீளம் விட வேண்டும். ஆழத்தைப் போல் ஐந்து மடங்கு, காற்று பலமாக இருந்தால் ஏழு மடங்கு.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். நீர் இறங்கியிருக்கும்போது ஆழம் 5 மீட்டர். நம் சென்னையில் கடல் ஏறி இறங்குவது 1 மீட்டர் அளவுதான். அங்கே 4 மீட்டர் ஏறுவது சாதாரணம். படகின் மூக்கு நீருக்குமேல் 1 மீட்டர். ஆக மொத்தம் 10 மீட்டர். ஐந்து மடங்கு என்றால் 50 மீட்டர் கயிறு. இரவில் காற்றும் நீரோட்டமும் திசை மாறும்போது படகு நங்கூரத்தை மையமாக வைத்து வட்டமாகச் சுற்றும். கயிறும் படகின் நீளமும் சேர்ந்து ஆரம் கிட்டத்தட்ட 60 மீட்டர். பரப்பு என்ன? ஏறத்தாழ 11,000 சதுர மீட்டர். இரண்டரை ஏக்கருக்கும் மேல். ஒரே ஒரு படகு தூங்குவதற்கு நம்ம காலேஜ் கிரிக்கெட் கிரவுண்ட் முழுசும் வேண்டும்! அந்தக் குட்டிக் குடாவில் நாலைந்து பேர் இப்படிச் சுற்ற ஆரம்பித்தால் வாசலை அடைத்துவிடலாம். ஆறாவதாக வருகிறவன், காற்று எப்படி இருந்தாலும், இருட்டில் வெளிக்கடலுக்குத் திரும்ப வேண்டியதுதான்.

இதற்கு அங்கே என்ன செய்தார்கள் தெரியுமா? குடாவை ஆழப்படுத்தவில்லை. கரையை வெட்டி அகலப்படுத்தவும் இல்லை. கரையோரப் பாறைகளில் ஆங்காங்கே துளை போட்டு, இரும்பு வளையங்களைப் பதித்தார்கள். அவ்வளவுதான். படகின் மூக்குப் பக்கம் நங்கூரம். பின்பக்கத்திலிருந்து ஒரு கயிறு கரைக்குப் போய், அந்த வளையத்துக்குள் நுழைந்து, மறுபடி படகுக்கே வந்து சேரும். முன்னும் பின்னும் பிடித்தாயிற்று. படகு இனிச் சுற்றாது. இப்போது ஒரு படகுக்கு வேண்டியது சுமார் 10 மீட்டர் அகலம், 80 மீட்டர் நீளம். 800 சதுர மீட்டர். 11,000 எங்கே, 800 எங்கே? ஒருவர் சுற்றிய இடத்தில் பதின்மூன்று பேர் தூங்கலாம்.

மரத்தில் கட்டினால் என்ன, வளையம் எதற்கு என்று கேட்கலாம். முன்பு அப்படித்தான் கட்டினார்கள். கயிறு இரவு முழுக்கத் தேய்த்துத் தேய்த்துப் பட்டையை உரித்துவிடும். பட்டை சுற்றிலும் போனால் மரம் பட்டுப்போகும். அடியில் என்ன நடக்கிறது என்பதும் முக்கியம். படகு சுற்றும்போது சங்கிலி கடல் தரையைப் பெருக்குமாறு போலத் தேய்த்துக்கொண்டே போகும். குஞ்சு மீன்கள் ஒளிந்து வளரும் கடற்புல் இருக்கிற இடமானால் அது வேரோடு போய்விடும். வளையத்தில் கட்டிய படகு அந்தச் சேதத்தை வெகுவாகக் குறைக்கிறது. கயிறு இரட்டையாகப் போய்வருவதிலும் ஒரு நயம் உண்டு. காலையில் கிளம்பும்போது கரைக்குப் போய் முடிச்சை அவிழ்க்க வேண்டியதில்லை. படகில் நின்றபடியே ஒரு முனையை விட்டு, மறுமுனையை இழுத்துச் சுருட்டிக்கொள்ளலாம். வளையம் அடுத்தவனுக்குக் காலியாகிவிடும்.

நண்பர் ஒருவரின் பாய்மரப் படகில் ஆகஸ்ட் மாதத்தில் ஒரு தடவை அங்கே தங்கினேன். இருட்டும் நேரம், குடா நிறைந்துவிட்டது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அப்போது கணவன், மனைவி, இரண்டு குழந்தைகளோடு ஒரு சிறு படகு உள்ளே வந்தது. யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. எழுபது வயதிருக்கும் ஒரு பெரியவர் தன் துடுப்புப் படகை இறக்கினார்; அவர்களுடைய கயிற்றின் முனையை வாங்கிக்கொண்டுபோய் வளையத்தில் நுழைத்துத் திரும்பக் கொண்டுவந்து கொடுத்தார். இரண்டு பக்கத்துப் படகுக்காரர்களும் தங்கள் கயிற்றைக் கொஞ்சம் இறுக்கி, ஆளுக்கு ஓரிரு மீட்டர் ஒதுங்கினார்கள். பத்து நிமிஷத்தில் அந்தக் குழந்தைகள் அடுப்பு பற்றவைத்துச் சாப்பிட உட்கார்ந்தாயிற்று. முன்பதிவு கிடையாது, டோக்கன் கிடையாது, வாட்ச்மேனும் கிடையாது.

சட்டமே இல்லையா என்றால், இருக்கிறது. படகுக் கழிவை நீரில் விடக் கூடாது என்று கனடிய மத்திய அரசின் விதிகள் பெயர் சொல்லிக் குறித்திருக்கும் குடாக்களில் இதுவும் ஒன்று. வாசல் குறுகலான இடத்தில் உள்நீர் சீக்கிரம் மாறாது, விட்டது அங்கேயே நிற்கும். காற்றைத் தடுக்கிற அதே பாறை அழுக்கையும் தேக்கிவைக்கிறது. அடைக்கலம் தரும் இடம் எதுவானாலும், அதற்குள் இருப்பவர்களின் ஒழுங்கைக் கொஞ்சம் கூடுதலாகவே எதிர்பார்க்கும். வீடும் அப்படித்தான், ஹாஸ்டலும் அப்படித்தான்.

இந்த வளையங்களைப் பதித்ததில் அரசுக்கு மட்டும் பங்கில்லை. அந்த மாநிலத்துப் படகு மன்றங்கள் சேர்ந்து 'மரைன் பார்க்ஸ் ஃபாரெவர் சொசைட்டி' என்று ஒரு சங்கம் வைத்திருக்கின்றன. படகுக்காரர்களிடம் சிறுகச் சிறுகப் பணம் திரட்டி, விற்பனைக்கு வரும் கரையோர நிலங்களைப் பூங்காவுக்காக வாங்க அரசோடு சேர்ந்து கைகொடுக்கிறார்கள். பல பூங்காக்களில் இத்தகைய வளையங்கள் பதிக்கவும் உதவியிருக்கிறார்கள். அந்தக் கரை நெடுக விடுமுறை வீடுகளும் தனியார் படகுத்துறைகளும்தான். பூங்கா என்று ஒதுக்கிய இடம் மட்டுமே யாருடையதாகவும் இல்லாமல் எல்லோருடையதாகவும் இருக்கிறது.

இதை ஏன் இங்கே, நம் மாணவர்களிடம் வந்து சொல்கிறேன்? நம் கிழக்குக் கரை நீளமான மணற்கரை. அப்படிப்பட்ட குடாக்கள் நமக்கு வாய்க்கவில்லை. ஒதுங்கும் இடம் வேண்டுமானால் கடலுக்குள் கல்லைப் போட்டுக் கட்டித்தான் ஆக வேண்டும். சென்னைத் துறைமுகத்துக்கு 19-ஆம் நூற்றாண்டில் சுவர் எழுப்பினார்கள். 1881 புயல் அதில் பெரும்பகுதியைக் கொண்டுபோயிற்று, மறுபடி கட்டினார்கள். கரையோரமாக வடக்கு நோக்கி ஓடிக்கொண்டிருந்த மணல் அந்தச் சுவரில் தடுக்கப்பட்டது. தெற்கே மெரினா அகலமானது. வடக்கே ராயபுரம் பக்கம் கடல் கரையைத் தின்றது. ஒரு பக்கம் நமக்குக் காற்று வாங்கக் கடற்கரை, இன்னொரு பக்கம் மீனவர் வீட்டு வாசலில் அலை. கட்டியிருக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. துறைமுகம் வேண்டும், மீன்பிடித் துறையும் வேண்டும், அதைக் கட்டப் போகிறவர்களும் நீங்கள்தான். ஆனால் ஓரிடத்தில் நாம் கொடுக்கும் அடைக்கலத்துக்கு இன்னோரிடத்தில் யார் விலை கொடுக்கிறார்கள் என்ற கேள்வியும் உங்கள் எஸ்டிமேட்டில் ஒரு வரியாக இருக்கட்டும்.

அந்தக் குடாவில் இயற்கை முக்கால்வாசி வேலையை முடித்து வைத்திருந்தது. அதைப் புரிந்துகொண்ட யாரோ ஒரு பொறியாளர் மீதிக் கால்வாசியை ஒரு துளையிலும் ஒரு வளையத்திலும் முடித்தார். அவர் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. திறப்பு விழா நடந்த மாதிரியும் தெரியவில்லை. நேர்முகத் தேர்வில் "நீ என்ன செய்தாய்?" என்று கேட்டால், "பாறையில் வளையம் மாட்டினேன்" என்று சொல்ல யாருக்கும் கூச்சமாகத்தான் இருக்கும். ஆனால் 11,000-ஐ 800 ஆக்கிய வேலை அது. தம்பி தங்கைகளே, முதல் வேலையில் உங்களுக்கும் சின்ன வேலைதான் தருவார்கள். அதைச் சின்னது என்று ஒதுக்குவதற்கு முன்னால் இந்த இரண்டு எண்களையும் ஒரு தடவை நினைத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன்மார்களுக்கும் என் தோழர்களுக்கும் ஒரே ஒரு வார்த்தை. நாம் ஊர் ஊராகப் போய் நங்கூரம் போட்டுவிட்டோம். சிலருக்கு நல்ல ஆழத்தில், நல்ல மண்ணில் கிடைத்தது. அவரவர் கயிற்றின் நீளத்துக்குச் சுற்றிக்கொண்டிருக்கிறோம். இந்தக் கல்லூரியிலிருந்து ஒவ்வோர் ஆண்டும் ஒரு கூட்டம் வெளியே வருகிறது. பெங்களூரிலோ துபாயிலோ டொரன்டோவிலோ, தெரிந்தவர் யாருமில்லாமல், பெட்டியோடு இறங்கும் பிள்ளைக்கு முதல் ஒரு மாதம்தான் கஷ்டம். தங்க ஓர் அறை, அழைத்துப்போய் அறிமுகப்படுத்த ஓர் ஆள், பயோடேட்டாவைப் படித்துத் திருத்தித் தர ஒரு மணி நேரம். இதற்கு நாம் எதையும் இழக்க வேண்டியதில்லை. கயிற்றைக் கொஞ்சம் இறுக்கி ஓரிரு மீட்டர் ஒதுங்கினால் போதும். எந்தெந்த ஊரில் யார் யார் இப்படி ஒதுங்கத் தயார் என்று ஒரு பட்டியலைச் சங்கம் இந்த ஆண்டே தொடங்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். வான்கூவருக்கு நேராக என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.

சாப்பாடு தயார் என்று சைகை வந்துவிட்டது. இனிமேலும் பேசினால் தம்பிகள் என்னைத்தான் பாறையில் கட்டிவிடுவார்கள்.